இரைச்சலை எடுத்துவிடச் சொன்னவர்

மன்னிப்பது நல்ல குணம் என்று எங்கள் சர்ச்சில் வாராவாரம் சொல்கிறார்கள். நானும் வாராவாரம் தலையாட்டிவிட்டு வருகிறேன். ஆனால் அந்த மேனேஜர் விஷயத்தில் எனக்கு மன்னிப்பு வரவில்லை. வராததற்காக வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழே கடை, மேலே டிசைன் ஹால், பின்பக்கம் பேக்கிங். தறிகள் நெசவாளர் வீடுகளில் ஓடும். ஹாலில் வரைகிறவர்கள் கம்ப்யூட்டரில் பார்டரும் முந்தானையும் புட்டாவும் வரைவார்கள். அது ஓட்டை போட்ட அட்டையாகித் தறிக்குப் போகும். வரைந்ததெல்லாம் வந்து சேர்கிற இடம், மாடிப்படிக்கு அடியில் ஏசி போட்ட சின்ன அறையில் இருக்கும் சர்வர். புது டிசைன் ஒன்று கல்யாண சீசனுக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டால் தீர்ந்தது. விசைத்தறியில் அதே மாதிரி அடித்துப் பாதி விலைக்குத் தொங்கவிட்டுவிடுவார்கள். அதனால் அந்த சர்வரின் பாஸ்வேர்டு இரண்டே பேரிடம் இருந்தது. ஒன்று நான், இன்னொன்று மேனேஜர்.

மேனேஜர் முதலாளியின் மச்சினர். அதற்கு மேல் அவருடைய தகுதியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேசும்போது முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிற பழக்கம். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னாம்மா" என்பார். அல்லது என் காதில் விழுகிற மாதிரியே மற்றவர்களிடம் "அந்த சர்ச்சு தெரு பொண்ணு" என்பார். எங்கள் தெரு எது, எங்கள் தாத்தாக்கள் யாருடைய நிலத்தில் கூலிக்குக் குனிந்தார்கள் என்பதெல்லாம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் ஞாபகப்படுத்துவதில் அவர் கெட்டிக்காரர்.

சர்வர் ஒரு பதிவு எழுதிக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார்கள், எந்த ஃபைலைத் தொட்டார்கள், எப்போது போனார்கள், எல்லாம் அதில் விழும். பாதுகாப்புக்கான பதிவு. ஆனால் அதில் மனிதர்கள் செய்தது உப்பளவுதான். மீதி எல்லாம், நேரம் குறித்து மெஷினே செய்துகொள்கிற வேலைகள். பேக்கப் எடுப்பது, வைரஸ் தேடுவது, கடிகாரத்தைச் சரிசெய்வது, பழைய குப்பையைக் கூட்டுவது. ஒவ்வொன்றும் வந்தேன், செய்தேன், போகிறேன் என்று வரிவரியாக எழுதிவைக்கும். ஒன்றும் செய்யாவிட்டாலும், வந்தேன், செய்ய ஒன்றும் இல்லை, போகிறேன் என்று எழுதும். இப்படி நாள் முழுக்க. இதைத்தான் எங்கள் தொழிலில் இரைச்சல் என்போம். தறிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழாத மாதிரி, கொஞ்ச நாளில் இந்த வரிகளும் கண்ணில் படாது.

மேனேஜருக்கு வாரம் ஒரு அறிக்கை கொடுக்கவேண்டும். ஒருநாள் அதைத் தூக்கி மேசைமேல் போட்டுவிட்டு, இதில் பாதி குப்பை, மெஷின் வேலையெல்லாம் எனக்கு எதற்கு, எடுத்துவிடு என்றார். நியாயமான பேச்சு. நானே அதைச் செய்ய நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு வேலையாகப் பார்த்து, இன்னது இன்ன நேரத்துக்கு வரும் என்று தெரிந்தால் மட்டும் அதை விலக்கவேண்டும் என்று சொன்னேன். அதுதான் முறை. அவர் கேட்கவில்லை. மெஷின் வேலைகளுக்கென்று சர்வரில் தனியாக ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கின் பெயரில் வருகிற மொத்தத்தையும் எடு என்றார். அப்படி எடுத்தால் அந்தப் பெயரில் யார் நுழைந்தாலும் தெரியாமல் போகுமே என்றேன்.

"நான் சொல்றத செய்மா. யோசனை சொல்றதுக்கு உன்ன வைக்கல."

செய்தேன். இப்படி விலக்கிக் காட்டுகிற ஃபில்டர் எதையும் அழிப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கிறது, அவ்வளவுதான். முழுப் பதிவும் இன்னொரு பக்கம் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. இந்த வித்தியாசம் மேனேஜருக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்காக வைத்திருந்த ஒரு டிசைன், மயில் கழுத்து நிறத்தில் யாளி பார்டர், எங்கள் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே வேறொரு ஊர் விசைத்தறிப் புடவையில் வந்துவிட்டது. ஒன்று என்றால் தற்செயல் எனலாம். அதற்குப் பின்னால் வரிசையாக வந்தன. முதலாளி நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் காது கேட்காது. ஹாலில் எல்லோரையும் நிற்கவைத்தார். வரைகிறவர்கள், கடைப் பெண்கள், பேக்கிங் பார்க்கிற பாய், வாட்ச்மேன் வரைக்கும். மேனேஜர் என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் இருக்கிறது, ஒருத்தர் இந்த வீட்டு மனிதர், வீட்டு மனிதர் வீட்டையே கொள்ளையடிப்பாரா என்று கேட்டார். இன்னொருத்தர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. என் அக்கா வீட்டுக்காரர் வெளியூரில் விசைத்தறி ஓட்டுகிறார் என்பதை மட்டும் சொன்னார்.

முதலாளி சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இந்தப் பொண்ணு கையிலருந்துதான் போயிருக்குது. இனிமே அது சர்வர் பக்கம் போவக்கூடாது." ஹால் முழுக்கக் கேட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளமுடியாது என்பார்கள். கொட்டியவர் தன் அறைக்குப் போய்விட்டார், நான்தான் அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் விவகாரமாகிவிடும், ஆதாரம் கேட்பேன் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். பேக்கிங்கில் போட்டார்கள். புடவைப் பெட்டிகளுக்கு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த கை. கடைப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கைப்பையைத் தங்கள் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள். வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்தது. என் தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம், பையன் வீட்டார் கொஞ்ச நாள் போகட்டும் என்றதோடு நின்றது. அந்த வீட்டுப் பையனும் இதே கம்பெனிக் கடையில்தான் கணக்கு எழுதுகிறான். ஹாலில் அன்றைக்கு அவனும் நின்றான். திருட்டுப் பட்டம் என் ஒருத்தி தலையோடு போயிருந்தால் ஒருவேளை நான் இவ்வளவு கொதித்திருக்கமாட்டேன். தங்கை எடுத்துவைத்திருந்த புடவையை மடித்துத் திரும்ப பீரோவில் வைத்தாள். அன்றைக்கு முடிவு பண்ணினேன். அந்த மனிதரை அதே ஹாலில், அதே கூட்டத்தின் நடுவில் நிற்கவைக்காமல் நான் வேலையை விடமாட்டேன்.

அம்மா விட்டுவிடச் சொன்னாள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றாள்.

"அவரு பாக்கறத அவரு பாக்கட்டும்மா. நான் பாக்கவேண்டியத நான் பாக்கறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் கொடுக்க வந்தார், ஆனால் டிசைன் திருட்டுப்போகிற கம்பெனி என்று கேள்விப்பட்டு, பெங்களூரிலிருந்து தணிக்கை பண்ண ஆள் அனுப்புவதாகச் சொன்னார். வருஷம் முழுக்க உள்ள பாதுகாப்புப் பதிவைச் சுத்தப்படுத்தி அவர் முன்னால் காட்டவேண்டும். மேனேஜருக்கு அந்தப் பதிவை எங்கிருந்து எடுப்பது என்றே தெரியாது. பேக்கிங் வாசலுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு லேப்டாப்பை ஸ்டிக்கர் கட்டின்மேல் வைத்தார். இரைச்சலை எடுத்துவிட்டு அறிக்கை போட்டுக்கொடு, சர்வரைத் தொடாதே, எனக்கு வேண்டியதை நான் காப்பி பண்ணித் தருகிறேன் என்றார். எந்த ஃபோல்டரைக் காப்பி பண்ணவேண்டும் என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன். முழுப் பதிவையும் அவர் கையாலேயே எனக்கு எடுத்துக்கொடுத்தார். சரிங்க சார் என்றேன். அவ்வளவு பணிவாக நான் என் வாழ்க்கையில் யாரிடமும் பேசியதில்லை.

இந்தத் தடவை முறையாகச் செய்தேன். மெஷின் கணக்கில் வருகிற வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இது பேக்கப், தள்ளு. இது கடிகாரம், தள்ளு. இது வைரஸ், தள்ளு. நான் வைத்த வேலைகள் எல்லாவற்றையும் தள்ளிய பிறகு ஒன்று மிஞ்சியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேக்கப் என்கிற பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறது. அன்றன்றைக்கு வரைந்த டிசைன்களை மட்டும் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகிறது. நான் அப்படி ஒரு வேலையை வைக்கவே இல்லை.

அதை மட்டும் தனியாக எடுத்துவைத்தேன். ஆனால் இது போதாது என்றும் தெரிந்தது. நீதான் வைத்தாய் என்பார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அது வந்திருக்கிறது, அன்றைக்கு எனக்கு லீவு, சர்ச்சுக்குப் போய்விடுவேன் என்றால், மெஷின் தானாக ஓடுகிறது, இவள் சர்ச்சில் இருந்தால் என்ன, நேரம் குறித்து டாஸ்க் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பென்டிரைவைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள் என்பார். நிமிஷம் முன்னே பின்னே இருக்கிறதே என்றால், சர்வருக்கு வேலை அதிகம், தாமதம் என்பார். மனிதன் கை என்று நிரூபிக்க வேறு ஏதாவது வேண்டும். பல நாள் அந்த வரிகளையே பார்த்தேன். இடையிடையே சில நாள் அது வரவில்லை. கரன்ட் போன நாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் நான் ஸ்டிக்கர் ரோலை எடுத்தபோது பேக்கிங் பாய் கையை ஆட்டினார்.

"இன்னிக்கு அமாவாசைமா. தறி ஓடாது, சரக்கு வராது. குந்து."

காஞ்சிபுரத்தில் அமாவாசைக்குத் தறி நிற்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் நெய்வதில்லை, அமாவாசை கும்பிடுவதும் இல்லை. எனக்கு அது ஆபீஸ் அமைதியாக இருக்கிற ஒரு நாள். சர்வரைத் திறந்து தூசி தட்டுவதற்கு நான் அந்த நாளைத்தான் எடுத்துக்கொள்வேன். பாய்க்குப் பின்னால் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். காணாமல் போன நாட்களை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். எல்லாம் அமாவாசை. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த நாட்களில் பேக்கப் ஓடியிருக்கிறது, கடிகாரம் ஓடியிருக்கிறது, கரன்ட் இருந்திருக்கிறது. இது மட்டும் வரவில்லை.

மெஷினுக்குத் தேதி தெரியும், கிழமை தெரியும். திதி தெரியாது.

அமாவாசையன்று மேனேஜர் என்ன செய்வார் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த கதை. விடிவதற்கு முன்னால் திருமுக்கூடலுக்குப் போய், ஆறுகள் கூடுகிற இடத்தில் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுப்பார். அன்றைக்கு முழுக்க ஆபீஸ் வேலையைக் கையால் தொடமாட்டார், போன்கூட எடுக்கமாட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆசாரமா என்று முதலாளியே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். ஆக மற்ற நாளெல்லாம் திருடலாம், அமாவாசைக்கு மட்டும் திருடக்கூடாது. பித்ருக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் என்னம்மா என்று கேட்டார், ஒன்றும் இல்லை பாய் என்றேன்.

நேரே முதலாளியிடம் போயிருக்கலாம். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், மச்சினரை உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள், என்னைத் திரும்பவும் சர்வர் அறையில் உட்காரவைப்பார்கள், ஊர் என்னைத் திருடி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எனக்கு அது வேண்டாம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியை வேறு யாராவது ஆண்டுகொள்ளட்டும், எனக்கு அந்த ஹால் போதும். தணிக்கைக்காரர் வரும்வரை ஸ்டிக்கர் ஒட்டினேன். மேனேஜர் கடந்துபோகும்போதெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களை நான் ருசித்தேன்.

தணிக்கை நாளன்று முதலாளி எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார், கம்பெனி எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று அந்த பெங்களூர்க்காரருக்குக் காட்டுவதற்காக. அதே கூட்டம், கணக்கு எழுதுகிற பையன் உட்பட. மேனேஜர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். என்னை லேப்டாப்போடு நிற்கவைத்து, சுத்தம் பண்ணின அறிக்கையைக் காட்டு என்றார். நான் சுத்தம் பண்ணித்தான் வைத்திருந்தேன். ஃபில்டரைத் திருப்பிப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் விலக்கிவிட்டு, அந்த மதிய வரிகளை மட்டும் காட்டச் சொல்லியிருந்தேன். சுவர்த் திரை முழுக்க அது மட்டும் வந்தது. டிசைனின் பெயர், எடுத்த நேரம், பென்டிரைவ். யாளி பார்டர் மேலேயே இருந்தது.

நான் நினைத்தபடியே அவர் எழுந்துவிட்டார். இது இவள் வைத்த டாஸ்க், இவளே மாட்டிக்கொண்டாள் என்று முதலாளியிடம் சொன்னார். மெஷின் தானாக ஓடுகிற வேலைதானே சார் இது என்று கேட்டேன். ஆமாம், நாள் தவறாமல் தானாக ஓடுகிறது பார் என்றார். அதை இன்னொரு தடவை சொல்லவைத்தேன். பிறகு கேட்டேன்.

"அப்போ அமாவாசைக்கு மெஷினு ஏன் சார் லீவு போடுது?"

அமாவாசைத் தேதிகளைப் பக்கத்தில் போட்டுக்காட்டினேன். பெங்களூர்க்காரருக்கு மட்டும் புரியவில்லை, இந்தியில் ஏதோ கேட்டார். மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எல்லாக் கண்ணும் மேனேஜரின் நெற்றிக்குப் போனது.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. அமாவாசைக்கு டிசைன் ஹால் மூடியிருக்கும், புது டிசைன் கிடையாது, எடுக்க ஒன்றும் இல்லாததால் டாஸ்க் ஓடவில்லை என்றார். எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் மெஷின் வந்துபோனதை எழுதும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், ஹாலில் மூத்த டிசைன்காரர் எழுந்தார். என் பக்கம் பேசவேண்டும் என்று அவர் எழவில்லை, அவருக்குச் சொந்தக் கோபம் ஒன்று இருந்தது.

"ஆடி அமாவாசைக்கு எங்கள வரச்சொல்லி வரைய வெச்சது யாரு? அர்ஜென்ட் ஆர்டருன்னு மொத நாளு போன் பண்ணி கூப்ட்டீங்களே சார். என் அப்பாவுக்கு எள்ளு தண்ணி விடாம இங்க குந்திக்கினு இருந்தேன். நீங்க மட்டும் ஆத்துக்கு போய்ட்டீங்க."

திரையில் ஆடி அமாவாசைக்குப் போனேன். அன்றைக்கு வரைந்த டிசைன்கள் இருந்தன. யாரும் அவற்றை எடுக்கவில்லை. மறுநாள் மதியம் இரண்டு நாள் வேலையும் சேர்ந்து போயிருந்தது. நான் அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று டிசைன்காரரே சொன்னார்: கதவைத் திறந்துபோட்டு சர்வர் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தது இந்தப் பொண்ணு, திருடுவதாக இருந்தால் அதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று கேட்டார்.

பெங்களூர்க்காரர் விடவில்லை. அமாவாசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளியிடமே கேட்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கவே மாட்டேன் என்று நின்றேன். கடைசியில் முதலாளியே, அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், அன்றைக்கு என் மச்சினர் வேலைக்கு வரமாட்டார் என்று விளக்கவேண்டி வந்தது. சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில்தான் தான் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பயந்திருந்தார். எனக்குப் பாவமாக இல்லை. பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

முதலாளி கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தார். எல்லோரும் வேலையைப் பாருங்கள், மற்றதை உள்ளே பேசிக்கொள்ளலாம் என்றார். என்னிடம் நாளையிலிருந்து சர்வர் அறைக்கே போய்விடு, மேனேஜர் வேலையையும் சேர்த்துப் பார் என்று மெதுவாகச் சொன்னார். அதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் நகரவில்லை. தங்கைக்குப் பேசின அந்தப் பையன் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"சார், என்ன திருடின்னு இங்கதான் சொன்னீங்க. எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. இல்லன்றதையும் இங்கயே சொல்லுங்க."

போனவர்கள் நின்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், மச்சினரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அந்தப் பொண்ணு எடுக்கல என்று வாய்க்குள்ளேயே சொன்னார். எனக்கும் முன்வரிசைக்கும் கேட்டிருக்கும்.

"பின்னாடி நிக்கறவங்களுக்கு கேக்கல சார்" என்றேன்.